பத்துப் பேரின் கருத்து

எம்.பி.ஏ. தொடங்கிய ஞாயிறன்று இருபது பேர் வந்திருந்தார்கள். பேராதனை வீதி மாடி மண்டபத்தில் ஜன்னலோரக் கதிரைக்கு உலகப்போரே நடந்தது. பிறகு, வீட்டிலிருந்தே ஃபோனில் பாடம் கேட்கலாம் என்று வசதி செய்து கொடுத்தார்கள். அவ்வளவுதான். மண்டபத்தில் மிஞ்சியது பத்தொன்பது காலிக் கதிரையும் ஒரு ஜனார்த்தனனும்.

கம்பளையில் டயர்க் கடை மனேஜர் அவர். வயது நாற்பத்தெட்டு. மனைவியும் மகளும் மெல்பேர்ன் போய் மூன்று வருஷம். வீசா இதோ வருகிறது, அதோ வருகிறது என்று இவர் மட்டும் இங்கே. வீட்டில் அவரோடு பேசுவது ஃபிரிஜ் ஒன்றுதான். அதுவும் விட்டுவிட்டுத்தான் பேசும். ஞாயிறென்றால் விடியவே எழும்பி, கல்யாண மாப்பிள்ளை போல ஷர்ட்டை ஸ்திரி போட்டு, முதல் பஸ் பிடித்துவிடுவார். குழுவாகக் கலந்துரையாடுங்கள் என்று விரிவுரையாளர் சொன்னால், ஐந்து கதிரையை வட்டமாகப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்து, மற்ற நாலையும் பார்த்துத் தலையாட்டுவார்.

போன ஞாயிறு, வகுப்பு அலுவலகத்துக் கஜலட்சுமி மிஸ் கருத்துக் கேட்கும் அச்சடித்த பாரங்கள் ஒரு கட்டோடு வந்தார்.

“அண்ணே, இந்தப் படிப்புல என்ன நல்லது, என்ன குறைன்னு எழுதணுமாம். பேர் வேணாம். எந்தப் பாஷையிலயும் எழுதலாம். அடுத்த ஞாயிறுக்குள்ள பத்துப் பாரமாச்சும் வரணும். இல்லாட்டி மண்டப வகுப்பை மூடிட்டு எல்லாத்தையும் ஃபோனுக்கு மாத்துறாங்க.”

“மத்தவங்க எழுதுவாங்களா மிஸ்?”

“எல்லாருக்கும் அனுப்பிட்டேன். நீல டிக் விழுந்துச்சு. வேற ஒண்ணும் விழல.”

ஜனார்த்தனன் கட்டோடு வாங்கிக்கொண்டு போனார். வாரம் முழுக்க, மதியச் சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் பாரம். ஒன்றுக்கு நீலப் பேனை, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு இடது கை. ஒவ்வொன்றும், வகுப்புக்கு வராத ஒருவர் எழுதுவதாக. அக்குறணை இப்திகார் வங்கிக்காரர். விரிவுரையாளரின் பொறுமையைப் புகழ்ந்தார். ஹோட்டல்காரர் பண்டார மட்டும் காட்டமாக எழுதினார்: ‘உதாரணமெல்லாம் அமெரிக்காவில் இருக்கிறது. பெரஹெரா ஊர்வல நாளில் டயர் விற்பது எப்படி என்று எவரும் சொல்லித் தரவில்லை.’ ஏழாம் ஆள், வீட்டுப்பாடம் முதுகை முறிக்கிறது என்றார். எட்டாம் ஆள், போதாது, இன்னும் தா என்றார். எட்டாம் ஆள்மேல் ஜனார்த்தனனுக்குக் கோபம் வந்து அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சண்டை பிடித்தது அன்றுதான்.

இந்த ஞாயிறு கஜலட்சுமி மிஸ் பத்தையும் நின்றபடியே வாசித்து முடித்தார்.

“அண்ணே, உங்க வகுப்புல தமிழ் எழுதத் தெரிஞ்சவங்க மூணே பேரு. பத்தும் தமிழ்ல இருக்கே?”

ஜனார்த்தனனுக்கு வேர்த்தது. அந்த வேர்வையில் மகாவலி ஆறே கரை உடைத்திருக்கும்.

“பண்டார... தமிழ் கிளாஸ் போறாராம் மிஸ்.”

“டயரும் விக்கிறாராமா?”

மிஸ் பாரங்களைப் புரட்டினார். “குறைன்னு பத்துப் பேரும் கடைசியா ஒரே விஷயத்தத்தான் எழுதியிருக்காங்க. தேத்தண்ணி நேரத்துல பேச ஆளில்லையாம். பத்துப் பேருக்கும் ஆளில்லன்னா, அந்தப் பத்துப் பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசியிருக்கலாமே அண்ணே?”

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தான். அது கிளம்பவில்லை.

“சரி, இதுல உங்களோடது எது?”

ஜனார்த்தனன் பத்தையும் மேசையில் பரப்பினார். இப்திகார் இருந்தார், பண்டார இருந்தார், அந்த எட்டாம் ஆளும் இருந்தான். இரண்டு தரம் தேடினார். தன்னுடையதை எழுத மறந்தே போயிருந்தார்.

மிஸ் புதிய பாரம் ஒன்றை நீட்டினார். “இத மட்டுந்தான் அனுப்புவேன். ஒண்ணு பத்தாது, அடுத்த மாசம் ஃபோன்தான். இருந்தாலும் எழுதுங்க. ஒருத்தராச்சும் நெசமா எழுதினாருன்னு இருக்கட்டும்.”

நல்லது என்ற இடத்தில், ‘ஞாயிறு காலையில் உடுத்திக்கொண்டு போக ஓர் இடம் இருந்தது’ என்று எழுதினார். குறை என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே விரிவுரையாளர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். திரையில் பதினான்கு கறுப்புக் கட்டங்கள், ஒன்றிலும் முகமில்லை.

“எல்லாரும் வந்தாச்சா?”

ஜனார்த்தனன் குறையை வெறுமையாகவே விட்டு எழும்பிப் போனார்.

“எல்லாரும் வந்தாச்சு, சேர்.”