நாற்பத்தேழு கிரெயின்

வில்லோ ஃபோர்க்கில் ஹார்லன் ஸ்டக்கியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. நாற்பத்தேழு என்றால்தான் தெரியும். தோட்டாவுக்கு வீட்டிலேயே வெடிமருந்து நிரப்பிக்கொள்ளும் அந்த மொண்டானா மலையூரில், நாற்பத்தேழு கிரெயின், அதாவது சுமார் மூன்று கிராம், மருந்து என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அந்த அளவு போட்ட தோட்டாக்களை வைத்துத்தான் துப்பாக்கிச் சங்கத்தின் இலையுதிர்காலப் போட்டியில் வருஷா வருஷம் பரிசுப் பன்றித்தொடையை வீட்டுக்குத் தூக்கிப் போனார். கஞ்சத்தனம் இல்லாத மனிதர். கேட்டவர்களுக்கெல்லாம் அளவைச் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அதை நம்பாத ஒரே ஆள் மெர்ல் டிட்மர், ஹார்லனின் மனைவி ட்வைலாவின் அண்ணன். அதே ரகத் துப்பாக்கியில் அதே மருந்தை அதே அளவு போட்டுச் சுட்டுப் பார்த்தார். கோழி கிளறின மாதிரி அட்டை முழுக்க ஓட்டைகள். "வேணும்னே தப்பா சொல்லிக் குடுத்துட்டான், பொய்யன்!" என்று சங்கத்து நடுக்கூடத்தில் கத்தினார். அன்றைக்கு முறிந்த பேச்சு முறிந்ததுதான். அதற்குப் பிறகு நவம்பர் மாத வான்கோழி விருந்துக்கு ட்வைலா அண்ணன் வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார்.

ஹார்லனின் தராசு எப்போதோ ஏலத்தில் எடுத்தது. கறுப்புக் கோல், அதில் கறுப்பு வெட்டுகள். வெட்டுகளுக்கு அடியிலிருந்த வெள்ளை எழுத்துகள் அவர் கைக்கு வருமுன்பே உதிர்ந்துவிட்டன. நகத்தால் வெட்டுகளை எண்ணித்தான் கோல்மேல் ஓடும் சின்ன எடையை நகர்த்துவார். இந்த ஆண்டு, இருந்த இரண்டு கண்ணாடிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தும் வெட்டுகள் தெரியவில்லை. லினெட் நடத்தும் வேட்டைச் சாமான் கடைக்குப் போனார்.

"கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு தராசு குடும்மா."

"எலக்ட்ரானிக் வாங்கிக்கோங்களேன். நம்பர் பளிச்சுனு வரும்."

"வேணாம். ஹீட்டர் ஓடினா ஒரு எடை சொல்லும், நின்னா இன்னொரு எடை சொல்லும். அரசியல்வாதிய எதுக்கு என் மேஜையில வச்சுக்கணும்?"

லினெட் மூன்று கோல் தராசுகளை எடுத்து வைத்தாள். முதலாவது விலை மலிவு, ஆனால் கோடுகள் எறும்புக் கால் அளவு. "இதப் படிக்க ஒரு லென்ஸு வேணும், அந்த லென்ஸத் தேட இன்னொரு லென்ஸு வேணும்" என்று தள்ளிவிட்டார். இரண்டாவதில் எழுத்து பெரிதுதான், முள்தான் ஊஞ்சலாடிக்கொண்டே இருந்தது. "இது நிக்கறதுக்குள்ள மான் சீசன் முடிஞ்சிரும்."

மூன்றாவதில் கறுப்புக் கோலின் மேல் தடித்த வெள்ளை எழுத்துகள். எடையை நகர்த்தினால் ஆழமான வெட்டில் டக்கென்று போய் உட்கார்ந்தது. முள்ளை ஒரு காந்தம் பிடித்து அடக்கியது. ஹார்லன் தூண்டில் கம்புகள் பக்கம் பின்வாங்கி நின்று எண்களைச் சத்தமாகப் படித்தார்.

"அங்கேர்ந்தா மருந்து நிரப்பப் போறீங்க? இப்படி வந்து உக்காருங்க" என்றாள் லினெட். தராசைக் கண் உயரத்துக்கு ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்தாள். "முள்ளு கண்ணுக்கு நேரா இருக்கணும். மேலேர்ந்து பாத்தா ஒண்ணு காட்டும், கீழேர்ந்து பாத்தா ஒண்ணு காட்டும்."

வாங்கி வந்து நாற்பத்தேழு வைத்து நிரப்பினார். மறுநாள் சுட்டார். மருந்து நிரப்பும் கையேடு அனுமதிக்கிற எல்லைக்குள்தான் இருந்தது அளவு. ஆனாலும் துப்பாக்கி வழக்கத்தைவிட முரட்டுத்தனமாகத் தோளில் இடித்தது. ஓட்டைகள் அட்டையின் நாலு மூலைக்கும் போயிருந்தன. வீட்டுக்கு வந்ததும் பழைய தோட்டா ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த மருந்தைப் புதுத் தராசில் கொட்டினார். நாற்பத்தாறு.

அவருக்கு நிம்மதியாகிவிட்டது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான். தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"இது ஒரு கிரெயின் கம்மியாக் காட்டுது."

லினெட் சோதனை எடைக்கல்லை வைத்தாள். முள் கோட்டில் வந்து நின்றது.

"உன் கல்லு தப்பு."

இன்னொரு தராசைப் பிரித்து வைத்தாள். அதுவும் அப்படியே நின்றது.

"ஊர்ல இருக்கற தராசெல்லாம் கூட்டு சேந்துக்கிட்டு உங்கள ஏமாத்துதுங்கறீங்களா?"

"நடக்காததா?"

"அந்தப் பழசத்தான் ஒரு தடவ நல்லாப் பாருங்களேன்" என்றாள் அவள்.

அவள் சொன்னதற்காக இல்லை, அவள் தப்பு என்று காட்டத்தான் பார்த்தார். வீட்டு மேஜையில் டார்ச்சைச் சாய்த்து வைத்து, ட்வைலா தையலுக்கு வைத்திருந்த லென்ஸை எடுத்துவந்து, கோலின் இடது ஓரத்திலிருந்து மெதுவாக ஊர்ந்தார். முதல் வெட்டுக்கு அடியில், உதிர்ந்த எழுத்தின் மிச்சம் லேசாகத் தெரிந்தது. வட்டமாக இருந்தது. அது ஒன்று இல்லை, பூஜ்யம்.

இத்தனை காலமும் பூஜ்யத்தை ஒன்று என்று எண்ணியிருக்கிறார். அவருடைய நாற்பத்தேழு ஒரு நாளும் நாற்பத்தேழாக இருந்ததில்லை. மெர்ல்தான் சத்தியமாக நாற்பத்தேழு போட்டுச் சுட்டிருக்கிறார்.

சமையலறையிலிருந்து ட்வைலா எட்டிப் பார்த்தார். "என்ன, தராசு கன்னத்துல அறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொன்னார். ட்வைலா சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"தனியாத்தானே போயிட்டு வந்தேன், ஹார்லன். ஒவ்வொரு வருஷமும் பைய மடியில வச்சுக்கிட்டு. தராசுல ஒரு வெட்டுக்காகவா?"

அதற்குப் பதில் சொல்லக்கூடிய இடம் சங்கம்தான் என்று ஹார்லனுக்குத் தோன்றியது.

சனிக்கிழமைக் காலை, சங்கத்தில் எல்லோரும் காப்பியும் அப்பமுமாக உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "நான் சொன்ன அளவு தப்பு. தராசுல பூஜ்ய வெட்ட ஒண்ணுன்னு எண்ணிட்டேன். நாப்பத்தாறுதான் சரி."

கூடமே அதிரச் சிரித்தது. "போட்டிக்கு முந்தின வாரம் பாத்து அளவ மாத்திச் சொல்றாரு பாரு, கிழட்டு நரி!" என்று முதுகில் தட்டினார்கள். குவெண்டின் என்கிற கோதுமை விவசாயி எழுந்து, "நான் நாப்பத்தேழுதான் போடறேன். ஊசில நூல் கோக்கற மாதிரி போகுது" என்றார். அவர் சுட்டது யானை உயரக் களஞ்சியக் கதவிலாவது பட்டதை யாரும் பார்த்ததில்லை. ஹார்லன் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அவர் புகழ்தான் கூடியது.

சிரிக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவர் மெர்ல் மட்டும்தான். ஹார்லன் வெளியே வந்ததும் அவருடைய வண்டியருகில் வந்து நின்றார்.

"வெட்ட எண்ணினதுல தப்பா?"

"ஆமா."

"பூஜ்யத்தப் போயி ஒண்ணுன்னா?"

"ஆமாங்கறேன்ல."

மெர்ல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இத்தன நாளா உன்னப் பொய்யன்னு நெனச்சுட்டேன், மச்சான். வெறும் முட்டாள்னு தெரியாமப் போச்சே."

"பொய்யனுக்கு முட்டாள் தேவலைதானே?"

"யோசிச்சுச் சொல்றேன்."

யோசித்தாரோ என்னவோ, அன்று மாலையே தன் வெற்றுத் தோட்டாக்களோடு ஹார்லன் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு பேரும் புதுத் தராசின் முன்னால் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு முறை எண்ணைச் சத்தமாகப் படித்து, நாற்பத்தாறு நிரப்பினார்கள். ட்வைலா காப்பி கொண்டுவந்து வைக்கிற சாக்கில் நாலைந்து தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

போட்டியில் பன்றித்தொடை ஹார்லனுக்குத்தான். "நாப்பத்தேழு! நாப்பத்தேழு!" என்று கூட்டம் கத்தியது. மறுத்துப் பார்த்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார்களே தவிர யாரும் காதில் வாங்கவில்லை.

மெர்ல் கடைசி. குவெண்டினுக்கும் பின்னால். "துப்பாக்கிக்குத் துப்பாக்கி வாய் ருசி வேற, மெர்ல்" என்று லினெட் ஆறுதல் சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை.

அன்று சாப்பாட்டு மேஜையில் பன்றித்தொடையைத் துண்டுபோட்டது மெர்ல்தான். கத்தியை ஹார்லன் பக்கம் நீட்டினார். "ட்வைலா, உன் புருஷன் என்னைய ரெண்டாவது தடவையும் ஏமாத்திட்டான். இத நல்லாக் கேட்டுக்கோ."

"கேட்டுக்கிட்டேன். உருளைக்கெழங்கு போடவா?"

"போடு." தட்டை நீட்டிக்கொண்டே ஹார்லனைப் பார்த்தார். "காலையில வரேன். நாப்பத்தஞ்சரை போட்டுப் பாக்கணும். நான்தான் எண்ணுவேன், நீ தராசத் தொடக் கூடாது."