பதிவேட்டில் ஒரு கோடு

சலவைக் கடையின் நான்காவது இயந்திரம் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது, அவளுடைய ஃபோனில் வேறொரு இயந்திரம் உறுமியது. இருபது நொடி. அனுப்பியவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதக் கூடாது என்பதுதான் அந்தக் குழுவின் வழக்கம். பழுதான இயந்திரத்தின் சத்தத்தை மட்டும் அனுப்ப வேண்டும், மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கோளாறைச் சொல்ல வேண்டும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டாள். ‘பேரிங் நல்லா இருக்கு. பம்புல கொண்டை ஊசி’ என்று தட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. கிரீஸ் படிந்த உள்ளங்கையில் வளைந்துபோன கொண்டை ஊசி. கீழே, ‘காதுன்னா காதுதான்.’

அங்கே அவளுக்குப் பெயர் காது.

“மிஷினுக்கெல்லாம் நல்லா வைத்தியம் பாக்குறே. எனக்குத் தலைவலின்னா மட்டும் போய்த் தூங்குங்கறே” என்றாள், போர்வைகளை மடித்துக்கொண்டிருந்த தங்கை.

சமுதாயக் கல்லூரியில் வீட்டுச் சாதனப் பழுதுநீக்கம் படித்து முடித்த எண்பத்தேழு பேரின் குழு அது. முடித்தவர்கள் எண்பத்தாறு பேர் என்பதுதான் சரி. கடைசித் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அப்பா படியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தங்கை அப்போது பள்ளியில் இருந்தாள். ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து வீட்டுக்குப் போனவள், பதினோரு வருடம் திரும்பவில்லை. முன்னாள் மாணவர் சங்கம் குழு தொடங்கியபோது யாரோ தேர்ச்சிப் பட்டியலுக்குப் பதிலாகச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து எண்களை எடுத்துவிட்டார்கள். ‘நீங்க நம்ம காலேஜ்தானே?’ என்று ஒரு செய்தி வந்தது. ‘ஆமா’ என்று பதில் போட்டாள். அது பொய்யில்லை என்று அன்றைக்கே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது சங்கம் அடையாள அட்டை கொடுக்கப்போகிறது. உதிரிபாகம் விற்கிறவர்கள் சிலர் முன்பு குழுவுக்குள் புகுந்து தொல்லை செய்து நீக்கப்பட்டதால், மாதக் கடைசிக்குள் எல்லோரும் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும், அனுப்பாதவர்கள் நீக்கப்படுவார்கள். செயலாளர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவளுக்கு முந்தைய ஆண்டுகளில் படித்தவர். எல்லோருக்கும் லிஃப்ட் அண்ணன். அவரே கூப்பிட்டார்.

“என்னம்மா காது, உன்னோடது மட்டும்தான் பாக்கி.”

“வீடு மாத்துனப்ப எங்கயோ வெச்சுட்டேண்ணே. தேடிட்டே இருக்கேன்.”

ஃபோனை வைத்தபிறகு வெகு நேரம் சோப்புத்தூள் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேக்கா” என்றாள் தங்கை.

“சொன்னா எடுத்துடுவாங்க.”

“எடுத்தா எடுக்கட்டும். அதுல ஒருத்தர் மூஞ்சியாவது உனக்குத் தெரியுமா?”

தெரியாதுதான். ஆனால் ஒருவருடைய ஒலிப்பதிவில் எப்போதும் பின்னால் ஒரு குழந்தை எதையாவது கேட்டுக்கொண்டிருக்கும். மூன்று வருடத்தில் அதன் மழலை போய்விட்டது. இன்னொருவர் சத்தத்தைப் பதியும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், கடைசியில் விடுகிற பெருமூச்சு கேட்கும். கல்லூரிப் பட்டறையில் பேசக் கூச்சப்பட்டுக் கடைசி பெஞ்சில் இருந்தவளிடம் இத்தனை பேர் கேள்வி கேட்கிறார்கள். இதை எப்படித் தங்கையிடம் சொல்வது?

மூன்றாம் நாள் காலை மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவளே அவரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்.”

“இரும்மா, நான் காலேஜ்லதான் நிக்கிறேன். உனக்கு நகல் வாங்கிடலாம்னு வந்தேன். ரிஜிஸ்டர எடுத்துட்டாங்க.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. ஓடுகிற இயந்திரத்தின் கோளாறைச் சொல்லிவிடலாம், நின்றுபோனதைக் கேட்டு என்ன சொல்ல முடியும்?

“உன் பேருக்கு நேரா, பாஸ்னு இருக்க வேண்டிய இடத்துல கோடுதான்மா இருக்கு.”

“ஆமாண்ணே.”

“ஏன் சொல்லல?”

“மொதல்ல கூச்சம். அப்புறம் பயம்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “சர்ட்டிஃபிகேட் ஈரத்துல போயிடுச்சுன்னு நான் எழுதிக்கிறேன். விடு. யாரு வந்து பாக்கப்போறா?”

அவள் எதிரில் ஓடிய இயந்திரத்தின் கண்ணாடியில் யாருடைய சட்டையோ சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

“வேணாம்ணே. எடுத்துடுங்க.”

அந்தப் பக்கம் கல்லூரி அலுவலகப் பெண் ஒருத்தியோடு அவர் வாதாடுவது அரைகுறையாகக் கேட்டது. திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. “விட்ட பருவத்த இப்ப இருக்கிற பிள்ளைங்களோட உக்காந்து முடிக்கலாமாம். திங்கக்கிழமை தொடங்குது. பேரு எழுதச் சொல்லட்டுமா? ஆனா படிக்கிறவங்க சங்கத்துல இருக்க முடியாது. என் கையாலதான் எடுக்கணும்.”

“எழுதச் சொல்லுங்கண்ணே.”

“பாஸ் பண்ணிட்டு வா. ஃபெயிலானா அதுக்கும் நான் மன்றாட மாட்டேன், ஆமா” என்றார்.

மாலையில் அவர் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். ஞாயிறு முழுவதும் ஃபோன் வெறுமனே கிடந்தது. தங்கை கடைச் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, “நாளைக்கு நான் பாத்துக்கறேன். நாலாவது மிஷின் நின்னா மட்டும் எங்க உதைக்கணும்னு சொல்லிட்டுப் போ” என்றாள்.

திங்கட்கிழமை பட்டறைக்குள் நுழைந்தபோது எல்லாத் தலைகளும் திரும்பின. யாருக்கும் இருபதுக்கு மேல் இருக்காது. இரண்டு பையன்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

“நீங்க எங்களுக்குக் கிளாஸ் எடுக்கவா அக்கா?” என்று ஜன்னலோரம் இருந்த பெண் கேட்டாள்.

“இல்லம்மா. உங்களோட படிக்க.”

அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். எழுந்து நின்ற பையன்களில் ஒருவன் சிரிப்பை அடக்கியபடி உட்கார்ந்தான். பிறகு அந்தப் பெண் பக்கத்திலிருந்த தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பை இருந்த இடத்தில் வெயில் விழுந்தது. வந்தவள் உடனே உட்காரவில்லை. குனிந்து, பெஞ்சுப் பலகைமேல் உள்ளங்கையை வைத்தாள். இளஞ்சூடாக இருந்தது.