கால் குட்டை நாற்காலி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒன்று பொய்யானாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். பற்களின் மேலும் சத்தியம் செய்திருப்பேன். அவை முன்பே போய்விட்டன.

உலகத்தில் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழிக்க நாற்பது நாடுகள் ஓர் ஊரின் மாநாட்டு மண்டபத்தில் கூடின. நாற்காலி எடுத்துப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. பதினாலு மாதமாக வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அகப்பட்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் நாற்காலிக்காரர். நியமனக் கடிதத்தில் ஒரே வரி: மாநாடு முடியும் வரை.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள்.

"மாநாடு எத்தனை நாளுங்க?"

"மூணு நாள்."

"உலகத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் மூணே நாள்ல வழி பண்ணிடுவாங்களாமா? உங்க ஒருத்தருக்கே நான் பதினாலு மாசமா தேடுறேன்."

முதல் நாள் காலையிலேயே நாற்காலிக்காரர் தன் வேலைக்கு நாள் எண்ணத் தொடங்கினார். ஒருவர் பேச, மீதி முப்பத்தொன்பது பேரும் தலையாட்டினார்கள். இதே வேகத்தில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிந்துவிடும். அவர் பழையபடி சுவரைப் பார்க்கப் போகலாம்.

அப்போது மூன்றாம் வரிசைப் பிரதிநிதி ஒருவர், "நான் ஆட்சேபிக்கிறேன்" என்று எழுந்தார். எதை என்று கேட்டார்கள். அவருக்கே தெரியவில்லை. நாற்காலிக்காரருக்குத் தெரிந்தது. அந்த நாற்காலியின் பின்கால் ஒரு விரல் குட்டை. காலையிலிருந்து டக்கு டக்கென்று ஆடி, மனிதர் கொதித்துப்போயிருந்தார்.

மறுநாள் முதல் அந்த நாற்காலி தினம் ஒரு நாட்டுக்குப் போனது. இன்று பணக்கார நாடு என்றால் நாளை ஏழை நாடு. நாற்காலிக்காரர் பாரபட்சம் பார்க்கவில்லை. சர்வதேச ஒத்துழைப்பில் அதுதான் முக்கியம். பதினோரு மணிக்குள் அதில் உட்கார்ந்தவர் ஆட்சேபிப்பார், பக்கத்திலிருப்பவர் முறைப்பார், நாலு மணிக்குக் கூட்டம் ஒத்திவைக்கப்படும்.

மூன்று நாள் மாநாடு மூன்று வருடம் நடந்தது.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே உலகம் நாற்பதுபட்டது. ஆட்சேபணைகளை அடுக்க ஒரு கிடங்கு கட்டினார்கள். கிடங்குக்கு இரண்டு காவலாளிகள், காவலாளிகள் கண்ணயராமல் இருக்க நாலு டீக்கடைகள். பிரதிநிதிகளின் கோட்டு முழங்கையில் கிழிந்தது. பதினேழு தையல்காரர்கள் வந்தார்கள். பல்லைக் கடித்துக் கடித்தே பல் தேய்ந்தது. மூன்று பல் டாக்டர்கள். கடைசியில் வேலைவாய்ப்பு அலுவலகக் குமாஸ்தா பதிவு செய்ய ஆளே இல்லாமல், தன் பெயரையே வேலையில்லாதவன் என்று எழுதிக்கொண்டார்.

அவரை விட்டால் மிச்சம் ஒரே ஆள். நாற்காலிக்காரர் மனைவியின் தம்பி, தச்சர்.

"ஊர்ல எல்லாருக்கும் வேலை, என் தம்பி மட்டும் வெட்டியா நிக்கிறான். மண்டபத்துல ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?"

"அவன் கை சும்மா இருக்காதும்மா."

"சும்மா இருக்கக் கூடாதுன்னுதானே வேலை கேக்குறேன்!"

திங்கட்கிழமை தச்சர் பழுது பார்ப்பவராக வேலையில் சேர்ந்தார்.

அன்று பதினோரு மணி அடித்தது. ஆட்சேபணை இல்லை. பதினொன்றே கால். நாடுகள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்துக்கொண்டன. நாற்காலிக்காரர் வரிசை வரிசையாக அந்த நாற்காலியைத் தேடினார். திரும்பிப் பார்த்தால் கதவோரம் தச்சர், கையில் சுத்தியல்.

"மச்சான், காலைல என்ன பண்ணின?"

"ஒண்ணே ஒண்ணு ஆடிட்டிருந்துச்சு அத்தான். கட்டை வெச்சு அடிச்சேன், இப்ப மலை மாதிரி நிக்குது. ஏன் அத்தான், மூணு வருஷமா இதைக்கூடப் பார்க்காம சம்பளம் வாங்கிட்டு என்னதான் பண்ணினீங்க?"

பன்னிரண்டு மணிக்குத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிந்தது. சாட்சிக்கு அந்த ஊரையே காட்டினார்கள். ஒரு மணிக்குக் கைகுலுக்கினார்கள். மூன்று மணிக்கு விமானம் ஏறினார்கள். நாலு மணிக்கு வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் ஊரே வரிசையில் நின்றது. டீக்கடைக்காரர்கள், தையல்காரர்கள், பல் டாக்டர்கள் எல்லாரும். வேலை திரும்பக் கிடைத்தது குமாஸ்தா ஒருவருக்குத்தான்.

மனைவி வந்து வரிசையை எட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னால நிக்கிறது யாருங்க?"

"உன் தம்பி."

"அப்பாடா. அவனாவது முன்னால இருக்கானே."

இன்னொரு சத்தியம்: அந்த மண்டபத்து நாற்காலிகள் எல்லாம், கட்டிய நாளிலிருந்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை.