நீலப்பூஞ்சையும் அப்பாவின் உப்பும்

பஞ்சநதம் பெற்ற பெண்ணிடம் பேசுவதை நிறுத்திய காரணத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு வீடியோ கேமின் நாலாம் பாகம் அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் குந்தவைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேமுக்குக் கதை எழுதியவளே அவள்தான்.

'கருங்கழி' என்று ஒரு திகில் தொடர். அதில் நீலப்பூஞ்சை என்று ஒரு கிருமி. அது தொற்றியவன் உடம்பெல்லாம் நீலம் பாய்ந்து, தூக்கத்தில் நடக்கிறவனைப் போல ஊருக்குள் அலைவான். மருந்து கிடையாது. உப்புத் தண்ணீர் ஒன்றுக்குத்தான் அந்தப் பூஞ்சை அடங்கும்.

அந்த உப்பு சும்மா வந்ததில்லை. பஞ்சநதத்தின் நிலம் கடைமடை, ஆறு கடலில் கலக்கிற ஓரம். ஆற்று வழியே கடல் ஏறி, பால் பிடித்து நின்ற சம்பா கண்ணெதிரே கருகிப்போன வருஷத்தில்தான் குந்தவை முதல் பாகத்தை எழுதினாள். அப்பாவின் பயிரைக் கொன்ற உப்பு கதையிலாவது ஒரு ஊரைக் காப்பாற்றட்டும் என்று நினைத்தாள். அதை அவரிடம் சொன்னதில்லை. விளையாடிப் பார்த்து அவரே கண்டுகொண்டார். கடைசிக் கட்டத்தில் மதகைத் திறந்து கடலை உள்ளே விட்டதும் நீலக்காரர்கள் மடமடவென்று சாய, கன்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி அழுதார். அதற்குப் பிறகு அந்தத் தொடரை அவரைப் போலக் கரைத்துக் குடித்தவர் இல்லை.

நாலாம் பாகத்தில் அந்த நீலக்காரர்கள் கடலுக்குள்ளிருந்தே எழுந்து வந்தார்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும் என்று கம்பெனியில் கேட்டார்கள். குந்தவையும் அவசரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் போன் செய்தால் பஞ்சநதம் பேசாமல் மனைவியிடம் நீட்டிவிடுவார்.

இன்று திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். அப்பாவிடம் ஒரு வார்த்தையாவது வாங்காமல் திரும்பக்கூடாது என்றுதான் குந்தவை வந்திருந்தாள்.

"அப்பா, மாலை ஒரு பக்கமா இழுக்குது பாருங்க."

பஞ்சநதம் மனைவி பக்கம் திரும்பினார். "இழுத்தா இழுக்கட்டும்னு சொல்லு."

"நான் என்ன தபால்காரியா? கல்யாணப் பொண்ணுங்க இன்னைக்கு," என்றாள் ஆனந்தவல்லி. "பக்கத்துலதானே நிக்கிறா, நீங்களே சொல்லுங்க."

"கடல்ல உப்பே இல்லாத மாதிரி கதை எழுதுறவகிட்ட எனக்கென்ன பேச்சு?"

போன பயிருக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு கதைதான். அதையும் அவளே பிடுங்கிக்கொண்டாள்.

சிவாச்சாரியார் புதுத் தாலியை எடுத்தார். ஆனந்தவல்லி கழுத்தைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்: "சாமி, பழசைக் கழட்டணுங்களா?"

"வேண்டாம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும், இது அதுக்கு மேல."

மேளம் கொட்டியது. பஞ்சநதம் முடிச்சுப் போட்டார். பழையதும் புதியதும் ஒரே கழுத்தில் கிடந்தன. அட்சதை தூவ மறந்து நின்ற குந்தவை, சட்டென்று அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"அப்பா, உப்பு நீலப்பூஞ்சையைக் கொன்னது கொன்னதுதான். கடல்லேருந்து வர்றது வேற கிருமி. மொத பாகத்துல கடலோட போன உடம்பு மேல புதுசா ஏறியிருக்கு."

அவர் திரும்பவில்லை. "அப்ப ஒடம்பு ஏன் இன்னும் நீலமா இருக்குன்னு கேளு வல்லி."

"பழசு உள்ளயே செத்துக் கெடக்குதுப்பா. சாயம் போகல."

"ரெண்டாம் பாகத்துல நீலம் பாஞ்ச அந்த நர்ஸு உப்பளத்துல விழுந்து செத்தாளே? அவ மேல ஏன் ஏறல?" இதை அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"உப்பளத்துல மீன் ஏது? புதுசு மீன் வழியாத்தான் வருது."

"இப்ப உக்காந்து இட்டுக்கட்டுற."

"ஆமாம்ப்பா. அடுத்த அப்டேட்ல சேத்துடுறேன்."

"உப்பு பொய்யில்லையே?"

"இல்லப்பா. அது உங்க உப்பு."

பஞ்சநதம் மீசையில் ஒட்டியிருந்த அட்சதையைத் தட்டிவிட்டார். "மீனு வேணாம் பாப்பா. பாவம், அது என்ன பண்ணுச்சு? இறால் பண்ணைன்னு போடு. நம்ம நெலத்தடி தண்ணியெல்லாம் கெட்டுது அவனுங்களாலதான்."

"தாலி கட்டுற நேரத்துல நோய்ப் பேச்சு!" ஆனந்தவல்லி அவர் விலாவில் இடித்தாள். "ரெண்டு பேரும் அந்தாண்ட போங்க."

"நான் போயிட்டா நீ மாப்பிள்ளைக்கு எங்க போவ?"

சிவாச்சாரியார் குங்குமத்தட்டை நீட்டியபடி காத்திருந்தார். பஞ்சநதம் ஒரு விரலை அதில் வைத்துக்கொண்டே, மூன்றாம் பாகத்தில் தான் பிடித்த இன்னொரு ஓட்டையை மகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.