கோவைக்கொடி செதுக்கிய பிடி

எருமைக் கொம்பை அரத்தால் ராவினால் தலைமயிர் கருகுகிற நாற்றம் வரும். பதினோரு வருடமாக அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் வஜீதா. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்த மான் கொம்பு வேறு மாதிரி இருந்தது. ராவ ராவ, நடுவிலிருந்த பஞ்சு போன்ற பகுதியிலிருந்து ஏதோ பிசுபிசுவென்று கசிந்தது. சிக்குப் பிடித்த எண்ணெயையும் நாலு நாள் மூடி வைத்த கறிச் சட்டியையும் ஒன்றாகத் திறந்தது போல வாடை. சோற்றில் கை வைத்தால் நகக்கண்ணிலிருந்து அது எழுந்து வந்தது. மூன்று நாளாக அவள் கரண்டியால்தான் சாப்பிட்டாள்.

“எங்க தாத்தா காலத்து கொம்பு” என்று சொல்லித்தான் திருமலை கொடுத்திருந்தார். அடி அண்ணாமலைப் பக்கம் பண்ணை வீடு கட்டி, சனி ஞாயிறுகளில் சென்னைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற மனிதர். பிளாஸ்டிக் உறைக்குள் பழுத்துப்போன ஒரு காகிதத்தை ஆட்டிக் காட்டி, லைசென்ஸ் என்றார். வஜீதா அதிலிருந்த முத்திரையைப் பார்த்தாள், எழுத்தைப் படிக்கவில்லை. தாத்தா காலத்துக் கொம்பு இப்படிக் கசியாது என்று அவள் மூக்குக்கு முதல் நாளே தெரியும். மூக்கை நம்பாமலிருக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தது.

கத்திப் பிடி செதுக்கும் அந்தப் பட்டறை அவளுடைய அண்ணன் ஃபைசானுடையது. கருங்காலியில் மயில், ஈட்டி மரத்தில் யாளி, எருமைக் கொம்பில் மீன் என்று எல்லாம் அவள் கையில் பிறந்தவை. அடியில் வெட்டுகிற பெயர் மட்டும் ஃபைசான். பொம்பளை பேர் போட்டால் கத்தி விற்காது என்பது அவன் கட்சி. திருமலைதான் முதன்முறையாக, “செஞ்சவங்க பேரையே போடுங்க பாய். நான் குடுக்கப்போற பெரிய மனுஷன் யாரு கைவேலைன்னு கேப்பாரு” என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அவள் மூச்சை அடக்கிக்கொண்டு ராவினாள்.

கொம்பின் அடிப்பக்கம் ஒரு பள்ளம் இரண்டு சுற்றுச் சுற்றி ஓடியது. அதற்குள் மெல்லிய சாய்கோடுகள், முறுக்கிய கயிறு போல. மானோடு சேர்ந்து வளர்ந்த கோலம் என்று மயங்கிப்போனாள். அந்தப் பள்ளத்தையே தண்டாக வைத்து ஒரு கோவைக்கொடியை ஏற்றினாள். இலைகள், பற்றுச்சுருள்கள், மிளகளவு பழங்கள். இத்தனை வருடத்தில் அவள் செய்ததிலேயே அழகானது அதுதான். கடைசியில் நுனி உளியால் ‘வஜீதா’ என்று பொடியெழுத்தில் வெட்டினாள்.

நான்காம் நாள் காலை திருமலை வந்தார். பிடியை வாங்கித் திருப்பிப் பார்த்தவர் வாயைப் பிளந்தார்.

“அடேங்கப்பா! கம்பித் தடத்தையே கொடியாக்கிட்டியேமா!”

“என்னா கம்பி சார்?”

அவர் ஃபைசானைப் பார்த்துக் கண்ணடித்தார். “நம்ம பாய் கடைதானே, சொன்னா என்னா? பைக் கிளட்ச் கம்பிமா. காலுக்குத்தான் சுருக்கு வெச்சான் நம்ம ஆளு. இது தலைய வுட்டு, கொம்புல மாட்டிக்கிச்சு. ராத்திரி பூரா இழுத்துக்கினு மரத்தையே சுத்தியிருக்குது. கம்பி எப்படி எறங்கியிருக்குது பாரு! காலைல போனா உசுரு இருக்குது. கறிதான் கொஞ்சம் முறுக்கு. மத்தபடி ஜோரு.”

சொல்லிவிட்டு, பல்லிடுக்கில் இன்னும் ஏதோ மாட்டியிருப்பது போல நாக்கால் துழாவினார்.

வஜீதா தன் விரல்களைப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் எத்தனை முறை விரலை ஓட்டியிருப்பாள்! எச்சில் தொட்டுத் துடைத்திருக்கிறாள். கன்னத்தில் வைத்து வழவழப்பு பார்த்திருக்கிறாள். கன்னத்தைத் தோளில் அழுத்தித் தேய்த்தாள், போகவில்லை.

“உனக்குத் தெரியுமாண்ணா?”

“ஏன், உனக்கு வாடை வரல?” என்றான் ஃபைசான். “எனக்கு வாசல் வரைக்கும் வந்துச்சு.”

அவள் கையை நீட்டித் திருமலையிடமிருந்து பிடியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“இத குடுக்க மாட்டேன் சார்.”

“வெச்சிக்கினு என்னா பண்ணுவ? என் பேரு எங்கனா இருக்குதா அதுல? உன் பேருதான் இருக்குது.” அவர் சிரித்தார். “புள்ளைக்கு கோவம் வருது பாய்.”

“வஜீ, அந்தப் பேர மட்டும் ராவி எடுத்துடு” என்றான் ஃபைசான், குரலைத் தாழ்த்தி. “ரெண்டு நிமிஷ வேலை. குடுத்தனுப்பிட்டு கைய கழுவிக்கலாம்.”

அவள் அரத்தை எடுத்துப் பெயர்மேல் வைத்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். தூள் பறக்கும், மூக்கில் ஏறும், ராத்திரி தலையணை வரைக்கும் கூடவே வரும். பெயர் போய்விடும், கொடி அப்படியே இருக்கும், யாரோ ஒரு பெரிய மனிதரின் கண்ணாடி அலமாரியில். அரத்தை மேசையில் போட்டாள். பிடியைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் திணித்தாள். புர்காவை மாட்டினாள்.

“எங்க போற?”

“பாரஸ்ட் ஆபீசுக்கு.”

திருமலையின் சிரிப்பு நின்றது. “பைத்தியமா நீ? முதல்ல உன்னத்தான் உள்ள வெப்பாங்க.”

“வெக்கட்டும் சார்.”

அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். எதிர் டீக்கடையில் நாலு பேர் கிளாசோடு திரும்பிப் பார்த்தார்கள். முறைத்துக்கொண்டே விலகினார். ஃபைசான் அவள் பெயரைச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டான். அவள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

வேங்கிக்கால் நெருங்கும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். “பைல என்னாக்கா? கருவாடா?”

“மான் கொம்பு. சுருக்கு வெச்சிக் கொன்னது. அதுல நான்தான் பூவேலை செஞ்சேன்.”

முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் தொண்டைக்கு வந்துவிட்டது. “நிறுத்துங்கண்ணா, நிறுத்துங்க” என்று இறங்கி, சாலையோரம் குனிந்து, காலையில் கரண்டியால் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். பை நழுவாமல் ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

“போங்கண்ணா.”