பூரங்கட் மைதானத்தில் இறங்காத பந்து

1967ஆம் ஆண்டின் மாவட்டக் கால்பந்து இறுதியாட்டத்தில், முடிவுச் சங்கு ஊதிய பிறகு உதைக்கப்பட்ட பந்து இருபத்து மூன்று வருடம் தரைக்கு வரவில்லை. உதைத்தவர் லைல் ட்ரெகென்சா, என் கணவர். கல்வாரா அணியைவிட எங்கள் பூரங்கட் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. சங்குக்கு முன்பே லைல் பந்தைக் கையால் பிடித்துவிட்டதால், எங்கள் ஆட்ட விதிப்படி உதைக்கும் உரிமை அவருக்கு இருந்தது. உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் கோல், ஆறு புள்ளி, கோப்பை எங்களுக்கு. கம்பத்தில் உரசினால் ஒரே ஒரு புள்ளி, கோப்பை அவர்களுக்கு. கார்களெல்லாம் எல்லைக்கோட்டைச் சுற்றி மூக்கை உள்ளே நீட்டி நின்றன. கோல் விழுந்தால் மட்டுமே ஹாரன் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம்; ஒற்றைப் புள்ளிக்கு அடிப்பவனை மதுக்கடையில் யாரும் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள். பந்து அழகாக எழும்பிப் போய், கம்பங்களுக்குச் சற்று முன்னால், கோதுமைக் கிடங்கின் உயரத்தில் நின்றுவிட்டது. ஹாரன் மேல் வைத்த கை வைத்தபடியே இருக்க, பொழுது சாய்ந்தது. கறி அடைத்துச் சுட்ட பலகாரமான மீட் பை அன்று சீக்கிரமே தீர்ந்துபோனதையும் சொல்லியாக வேண்டும். பலருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆடத் தெரியாதவர்களுக்கு எங்கள் ஊரில் கூடம் கோணலாக இருப்பதில்லை, பந்து ஈரமாகிவிடும். அந்த வருடம் முழுக்க எங்கள் ஆட்கள் கோல் தவறவிட்டதற்கெல்லாம் சேற்றில் ஊறிப் பூசணிக்காயாய்க் கனத்த தோல் பந்தையே குற்றம் சொன்னார்கள். ஆகவே சங்கத் தலைவர் மெர்வ் டன்ஸ்டல் இறுதியாட்டத்துக்கான புதுப் பந்தைக் கொண்டுபோய், மீட் பை சூடாக்கும் தகர அலமாரியின் மேல் ஒரு வாரம் வைத்துக் காயவிட்டார். காய்ந்த பந்து தூரம் போகும் என்பது அவருடைய விஞ்ஞானம். அது உண்மைதான் என்று நிரூபணமாயிற்று. எங்கே நிறுத்துவது என்பதைத்தான் விஞ்ஞானம் யோசித்திருக்கவில்லை.

மாவட்டச் சங்கம் கூடி விதியைப் படித்துப் பார்த்தது. பந்து கோட்டைக் கடக்கும்வரையோ கீழே விழும்வரையோ ஆட்டம் முடியாது. ஆட்டக்காரர்களுக்குக் கோதுமை அறுவடை இருந்ததால் வீட்டுக்குப் போகலாம் என்று பெருந்தன்மையோடு அனுமதித்தார்கள். கோல் நடுவர் ஆல்ஃப் ஹெனஸிக்கு அந்தச் சலுகை இல்லை. கோலுக்கு இரண்டு கொடி, ஒற்றைப் புள்ளிக்கு ஒரு கொடி ஆட்டவேண்டியவர் அவர். வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அவர் கம்பங்களுக்கு நடுவே நின்றார், பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பிறகு, பந்து தெரிவதற்காகக் கூரையில்லாத ஒரு தகரக் கொட்டகை வந்தது. சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்த பெரில் தினமும் அவருக்கு சூப் கொண்டுபோய், மூன்றாம் வருடம் அவரைக் கோல் கோட்டின் மேலேயே மணந்துகொண்டாள். பாதிரியார் சத்தியப் பிரமாணம் சொல்லச் சொன்னபோதும் மாப்பிள்ளை அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை பெய்தால் பந்து ஊறிக் கனத்துக் கொஞ்சம் இறங்கும், வெயிலில் காய்ந்து திரும்ப ஏறிவிடும். வானிலை அறிக்கையைவிட அது நம்பகமானது என்று கண்டு, விவசாயிகள் பந்தைப் பார்த்து விதைக்க ஆரம்பித்தார்கள். நகரத்திலிருந்து நிபுணர்கள் வந்து தோலின் நிலையைத் தொலைநோக்கியில் ஆராய்ந்து, பந்து நல்ல நிலையில் இருப்பதாகவும் இறங்காதது உதைத்தவரின் பாணியில் உள்ள குறை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இந்தக் கருத்து ஊருக்கு மிகவும் பிடித்திருந்தது. லைல் மதுக்கடைக்குள் நுழைந்தால் போதும், ஆளாளுக்கு எழுந்து அவருக்கு உதைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். மெர்வ் தன் ஆட்டக் காலத்தில் ஒரு கோல்கூட உதைத்ததில்லை. அதனால் அவருக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

"பந்தக் கையிலருந்து விடறப்பவே கோணல், மாப்ள. ஒடம்பையும் பின்னால சாச்சுட்ட. நானா இருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"நீயா இருந்தா பந்து காலுலயே பட்டிருக்காது, மெர்வ்," என்பார் லைல். கடை சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார்.

அதே ஆட்டத்தில் அதற்கு முன் நாலு தடவை தவறவிட்டவர் அவர். அதில் இரண்டு போயிருந்தால் இந்தக் கடைசி உதை யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. கோப்பையை அவர் எப்போதோ மறந்துவிட்டார். அந்த உதை நேராகப் போனதா என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. சனிக்கிழமைதோறும் மைதானத்துக்குப் போய், உதைத்த இடத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கோல் மாதிரி இருந்தால் வந்து நன்றாகச் சாப்பிடுவார். இல்லாவிட்டால் ஆட்டுக்கறியை நாய்க்குப் போடுவார். எங்கள் நாய் ஒல்லியாக இருந்ததே இல்லை.

இதற்கிடையில் ஆள் போதாமல் பூரங்கட் சங்கமும் கல்வாரா சங்கமும் ஒன்றாக இணைந்தன. இப்போது யார் ஜெயித்தாலும் பாதிச் செயற்குழு தோற்றுவிடும். சந்தோஷமான கூட்டத்தில் எதற்கு வம்பு என்று, பந்தைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி ஆட்டம் சமன் என்று அறிவிக்க ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தேதியும் குறித்தார்கள். லைல் நுரையீரல் கெட்டுப் படுத்திருந்த குளிர்காலம் அது. கூட்டத்துக்குப் போய், என் கணவர் உயிரோடு இருக்கும்வரை பொறுங்கள் என்று கேட்டேன். தேநீர் கொடுத்து, ரொம்ப நாள் ஆகாதே என்று விசாரித்து, ஒத்திவைத்தார்கள்.

படுக்கை அறை ஜன்னலிலிருந்து மைதானம் தெரியும். அவர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

"நோரீன், பந்து எங்க நிக்குது?"

"நடுவுலதான்."

"நிஜமாவா, இல்ல எனக்காகச் சொல்றியா?"

"வலது கம்பத்துக்குக் கொஞ்சம் கிட்ட. ஆனா உள்ளதான்."

"காத்து?"

"காத்தே இல்ல, லைல். தூங்கு."

வடக்குக் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே, சரி என்றார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

அடக்கத்தன்று மழை பிடித்தது. நாலு வருட வறட்சிக்குப் பிறகு வந்த மழை என்பதால், கல்லறையைச் சுற்றி நின்ற விவசாயிகள் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பட்ட பாடு கொஞ்சமல்ல. மழை விடவே இல்லை. பந்து இறங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தவள் பெரில். சனிக்கிழமை பிற்பகலுக்குள் செய்தி பரவி, ஊர்க் கார்களெல்லாம் பழையபடி எல்லைக்கோட்டைச் சுற்றி வந்து நின்றன. ஆல்ஃப் கொட்டகையை விட்டு வெளியே வந்து கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். அது இப்போது வயிற்றில் எட்டவில்லை. பந்து மெதுவாக, ஒரு கிழவர் படியிறங்குவதுபோல, விட்ட இடத்திலிருந்து கோட்டை நோக்கிச் சரிந்து இறங்கி, வலது கம்பத்தை ஒட்டி உள்பக்கமாக விழுந்தது.

ஆல்ஃப் கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பட்டுருச்சு, நோரீன். தையல் மட்டுந்தான். ஆனா பட்டுருச்சு."

அவரைத் தவிர வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க முடியாது. இரண்டு கொடியும் அவர் கையில்தான் இருந்தன.

"பட்டா பட்டதுதான், ஆல்ஃப். கொடிய ஆட்டு."

ஒற்றைக் கொடியை ஆட்டினார். பூரங்கட் நாலு புள்ளியில் தோற்றது. பிறகு மெர்வின் கார் ஹாரன் அடித்தது, ஒற்றைப் புள்ளிக்கு. அடுத்த கார் அடித்தது. அப்புறம் கல்வாராக்காரர்கள், அப்புறம் எல்லோரும், பேட்டரி தீரும்வரை. வீடு திரும்ப ஒருவர் காரை ஒருவர் தள்ளவேண்டியதாயிற்று.

கோப்பையை, இரண்டு ஊருக்கும் பொதுவாகிவிட்ட சங்க அறையில், சுவரில் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு முறைப்படி மாற்றிவைத்தார்கள். ஆல்ஃபும் பெரிலும் கூரையுள்ள வீட்டுக்குப் போனார்கள். அவருக்குக் கழுத்து மட்டும் குனியவில்லை. பந்தை யாரும் கேட்காததால் நான் எடுத்துவந்தேன். அந்தத் தகர அலமாரியின் சூடு அதில் இன்னும் இருக்கிறது, மீட் பை வாசனையும். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. குளிர்காலத்தில் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்கிறேன். லைலின் பாதங்கள் எப்போதும் சில்லென்றிருக்கும். அந்த விஷயத்தில் பந்து எவ்வளவோ மேல்.