மூன்று விரல்

அந்தத் துண்டுச் சீட்டு மேடைக்கு வந்தபோது பிரித்துப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயர் அச்சடித்த மஞ்சள் தாள், நான்காக மடித்தது. பதினோரு வருஷமாக ஒரே ஆள், ஒரே கையெழுத்து, ஒரே பாட்டு. 'படகுப் பாட்டு, தயவுசெய்து.' எங்கள் மெல்லிசைக் குழுவில் பாடும் அக்கா அதைப் படித்துச் சிரித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவார். "கடைச் சாவியை மறந்தாலும் மறப்பாரு, இதை மறக்க மாட்டாரு மனுஷன்" என்பார் தாளம் தட்டும் எங்கள் ரிதம் பேட்காரர். சீட்டு எழுதிய கடைக்காரர் மூன்றாவது வரிசை ஓரத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அக்கா அந்தப் பாட்டை இருபத்தாறு வயதில் ஒரு சினிமாவுக்காகப் பாடினார். படத்தில் பாதிப் பாட்டை வெட்டிவிட்டார்கள். இசைத்தட்டில் மட்டும் முழுசாக இருந்தது. மேடையில் அவர் அதைப் பாடி யாரும் கேட்டதில்லை. பதினைந்து வயதில், அச்சகத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் அதைக் கேட்டேன். கடைசி அடியில் குரல் மேலே போய் அங்கேயே நிற்கும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கீபோர்டுப் பைத்தியம் பிடித்தது. கடைக்காரராவது சீட்டு எழுதி அனுப்பலாம். பக்கவாத்தியக்காரன் யாரிடம் போய்ச் சீட்டு நீட்டுவது?

இப்போது அக்காவுக்கு அறுபத்திரண்டு. குரலும் முழங்கால் மாதிரிதான், ஒரு வயசுக்கு மேல் மாடிப்படி ஏறச் சொல்லக் கூடாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு தொடங்கும் முன் அக்கா மைக்கை இடது கைக்கு மாற்றி, வலது கையை இடுப்போரம் தொங்கவிட்டு விரல் காட்டுவார். இரண்டு விரல் என்றால் சுருதியை இரண்டு படி இறக்க வேண்டும். கீபோர்டில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது, ஒரு தட்டுக்கு ஒரு படி. எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "மேடையில ஒரு தடவை குரல் உடைஞ்சுதுன்னா, அன்னையோட நான் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். அந்த விஷயத்தில் அவர் விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை.

அன்றைக்கு என்ன தோன்றியதோ, சீட்டைப் பாட்டிலுக்கு அடியில் வைக்கவில்லை. "பாவம், எத்தனை வருஷமா கேக்குறாரு" என்றார் என் பக்கம் திரும்பி. இடுப்போரம் மூன்று விரல்.

நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். என் விரல் பொத்தான்மேல் போய்விட்டது. ஆனால் மூன்று படி இறக்கினால் அது நான் அச்சகத்தில் கேட்ட பாட்டாக இருக்காது. ஒரே ஒரு தடவை, அதே சுருதியில், அதே குரலில், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. பொத்தானைத் தட்டாமலே முன்னிசையை வாசித்துவிட்டேன்.

அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் நாலு சுரத்திலேயே கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அக்கா அவரைப் பார்த்தார். பாடத் தொடங்கினார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் சரணம் முடியும்வரை அதே பழைய குரல்தான். என் கண் கலங்கிவிட்டது. பாவி, எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசி அடி மேலே ஏறியது. இரண்டாவது சொல்லில் குரல் பிளந்து, பிறகு வெறும் காற்று மட்டும் வந்தது. அக்கா மைக்கை இறக்கிவிட்டார். மிச்ச அடியை என் விரல்கள் வாசித்து முடித்தன. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து அரங்கம் கைதட்டியது. கடைக்காரர் மட்டும் தட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் அக்காவைத் தேடி வந்தார். கையில் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. நான் கேட்டிருக்கவே கூடாது. நச்சரிச்சு நச்சரிச்சு உங்களை இந்தப் பாடு படுத்திட்டேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க" என்ற அக்கா, என்னைப் பார்த்தார். "தம்பி, விரல் காட்டினேனே. பாக்கலையா?"

"இல்லக்கா. லைட்டு கண்ணுல அடிச்சுது."

"சரி" என்றார். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே வெளியே போனார். அவரைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு மாதம் கச்சேரி இல்லை. அவ்வளவுதான், அக்கா இனி வரமாட்டார் என்று ரிதம் பேட்காரர் வேறு குழுவில் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கடைக்காரரின் கடை வழியாகப் போக நேர்ந்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவேன். ஒருநாள் காலையில் அக்காவிடமிருந்து போன். "சனிக்கிழமை நாலு மணிக்கு. வந்துடு." வேறு ஒரு வார்த்தை இல்லை.

சின்ன அரங்கம்தான். கடைக்காரர் அதே ஓரத்தில் இருந்தார், மடியில் வெறும் கை. ஆனால் போன கச்சேரியில் பாடியதை யாரோ போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். ஏழு சீட்டு வந்தது. ஏழும் படகுப் பாட்டு. அக்கா ஒவ்வொன்றாகப் படித்தார். மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் வந்தார். நான் அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் எதுவும் நீளவில்லை.

"எத்தனைக்கா?"

அக்கா ஏழு சீட்டையும் ஒன்றாக அடுக்கினார்.

"அக்கா, அன்னைக்கு நான் பாத்தேன். மூணு விரலையும் பாத்தேன்."

"தெரியும்டா. லைட்டு உன் முதுகுப் பக்கம்ல இருந்துச்சு."

"கடைக்காரர்கிட்டச் சொல்லணும்க்கா."

"சொல்லு. முதல்ல வாசி."

முன்னால் போய் நின்று மைக்கைப் போட்டு, "படகுப் பாட்டு" என்றார். கடைக்காரர் பாதி எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. எத்தனை படி என்பதை என்னிடமே விட்டுவிட்டு, இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்திருந்தார். என் விரல் பொத்தான்மேல் இருந்தது.